அங்கீகரிக்கப்பட்ட ஏசல்

புங்கந்தாங்கலில் காணும் பொங்கலன்று நடக்கும் கபடியில் யார் ஆடினார்கள், யார் வெறுமனே மண்ணில் புரண்டார்கள் என்று முடிவு செய்வது நடுவர் அல்ல, அம்முலுவின் வாய். அந்த வாயில் விழுந்தவன் ஆடினான். விழாதவன் எத்தனை பேரைத் தொட்டுவிட்டு ஓடி வந்திருந்தாலும் சாயங்காலம் பச்சமுத்துவின் டீக்கடையில் அவன் பேச்சே எழாது. அதனால் பொங்கலுக்கு முந்தைய வாரம் இளவட்டங்கள் ஒவ்வொருவராக வெற்றிலை பாக்கோடு காலனித் தெருவில் அவள் வீட்டுக்குப் போவார்கள்.

"யக்கா, போன வருசம் என்னை வுட்டுட்ட. இந்தத் தபா ஒரு வார்த்தையாச்சும் போட்டுடு. வூட்டுல பொண்ணு பாத்துக்கினு கீறாங்க."

"நீ ஆடற ஆட்டத்துக்கு வார்த்தை வேற செலவு பண்ணணுமாடா? சரி, வெத்தலைய வெச்சிட்டுப் போ."

இதற்கு ஊரில் ஏசல் என்று பெயர். கெட்ட வார்த்தை கிடையாது. ஆனால் கெட்ட வார்த்தையே பரவாயில்லை என்று தோன்றும். அம்முலு வருஷம் முழுக்க முத்துவேலின் கழனியில் நாற்றுக்கும் களைக்கும் முதுகை வளைக்கிறவள். காணும் பொங்கல் ஒரு நாள் மட்டும் மந்தைவெளியில் சுண்ணாம்புக் கோட்டோரம் காலை நீட்டி உட்கார்ந்து, மேட்டுத்தெரு, காலனி என்று பார்க்காமல் எல்லாரையும் ஏசுவாள். முத்துவேல் ஆடிய காலத்தில் ஒருமுறை எதிர்க்கோட்டுக்குள் போய்த் திகைத்து நின்றுவிட்டார். "எங்க மொதலாளி ரெய்டு வந்தாரா, வூட்டுல உப்பு வாங்கியாரச் சொன்னாங்களா? கடை எதுன்னு மறந்துட்டு நிக்கிறாரே!" என்றாள். அன்றைக்கு ஊர் சிரித்தது. இன்றைக்கு முத்துவேல் பஞ்சாயத்துத் தலைவர். பேனரில் பெயருக்கு முன்னால் மூன்று பட்டங்கள் போட்டுக்கொள்கிறார். இருந்தும் வீட்டுக்கு வழி கேட்கிறவனுக்கு ஊர் சொல்லும் அடையாளம், "உப்பு முத்துவேல் வூடா? நேராப் போ."

இந்த வருஷம் முதன்முறையாகப் பெண்கள் ஆட்டம். காலனி அணிக்குத் தலைமை அம்முலுவின் மகள் நிஷா. மேட்டுத்தெருவுக்கு முத்துவேலின் மகள் கீதா. இரண்டு பேரும் காஞ்சிபுரத்தில் ஒரே கல்லூரி, ஒரே பஸ், கல்லூரி அணியில் ஒரே பக்கம். ஊரில்தான் எதிரெதிர். புங்கந்தாங்கலுக்கு உலகம் தெரியாது என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. யாரோ ஓர் ஈரான்காரன் குனிந்து மூன்று பேரின் அக்குளுக்கடியில் நழுவி வருவதை நிஷா செல்போனில் பார்த்துப் பார்த்துப் பழகியிருந்தாள். அம்முலுவும் தோள் வழியாக எட்டிப் பார்த்து அந்த ஈரான்காரனையே இரண்டு முறை ஏசியிருக்கிறாள்.

"எம்மா, பொண்ணுன்னு பாத்து என்னை வுட்டுடாத. ஊரு முன்னால கேவலமாப் போயிடும்" என்றாள் நிஷா.

"கவலைப்படாத. பெத்ததுலேர்ந்து சேத்து வெச்சிக்கினு கீறேன்" என்றாள் அம்முலு.

மார்கழிக் கடைசியில் வெள்ளைக் கார் ஒன்று வந்தது. அகில உலகக் கபடி மகாசபையின் ரசிகர் அனுபவத் துறை இயக்குநர் மோகன்குமார் இறங்கினார். வெயிலுக்குக் கறுப்புக் கண்ணாடி, மண்ணுக்கு ஷூவின் மேல் பிளாஸ்டிக் உறை. பஞ்சாயத்து அலுவலக வாசலில் அவர் பேசினார்.

"நண்பர்களே! கபடி ஆடத் தெரிந்த நாடுகள் பல இருக்கின்றன. கபடியைப் பார்க்கத் தெரிந்த நாடு ஒன்றுகூட இல்லை. எங்கள் ஆய்வில் ஓர் அதிர்ச்சியான உண்மை தெரிந்தது. கிராமத்து மக்கள் ஆட்டத்தை நேராகக் கண்ணால் பார்த்துவிடுகிறார்கள்! கண்ணால் பார்ப்பவருக்கு ரீப்ளே உண்டா? விளம்பர இடைவேளை உண்டா? அவர் பார்த்தார் என்பதற்கு எங்களிடம்தான் ஏதாவது பதிவு உண்டா? இப்படிப் பல நூற்றாண்டுகளாக வீணாகிக்கொண்டிருக்கும் உங்கள் ரசனையை மீட்கத்தான் வந்திருக்கிறோம். காணும் பொங்கலன்று வளைகுடாவில் உலக இறுதிப் போட்டி. உங்கள் மந்தைவெளியில் ராட்சதத் திரை. நீங்கள் செய்ய வேண்டியது அனுபவிப்பது மட்டுமே. எப்படி அனுபவிப்பது என்று நாங்கள் பயிற்சி தருவோம்."

இறுதிப் போட்டியில் ரோட்டர்டாம் ராக்கெட்ஸும் மெல்போர்ன் மின்னல்ஸும் மோதவிருந்தன. புங்கந்தாங்கல் ரோட்டர்டாமின் தாய்மண்ணாக அறிவிக்கப்பட்டது.

"அது எங்க கீது சார்?" என்று கேட்டான் பச்சமுத்து.

"ஐரோப்பாவில். அந்த ஊர் கடல் மட்டத்துக்குக் கீழே இருக்கிறது. உங்கள் ஊர் ஏரி மட்டத்துக்குக் கீழே இருக்கிறது. இந்த உணர்வுப் பிணைப்பைக் கம்ப்யூட்டர் கண்டுபிடித்தது."

"அங்க கபடி ஆடுவாங்களா?"

"அது தேவையில்லை. ஆட்டக்காரர்கள் அரியானா, ஈரான். முதலாளி லண்டன். ரசிகர்கள் நீங்கள். ரோட்டர்டாம் பெயரை மட்டும் தருகிறது."

அம்முலு பின்வரிசையிலிருந்து எழுந்தாள். "அன்னிக்கி அந்த எடத்துல எங்க பொண்ணுங்க ஆட்டம் கீதே?"

மோகன்குமார் பரிவோடு சிரித்தார். "அம்மா, கபடி பார்க்கிற இடத்தில் யாராவது கபடி ஆடினால் கவனம் சிதறாதா?"

வேறு இடமும் கிடையாது. தை பிறக்கப் போகிற சமயம், ஏரி தளும்பிக்கொண்டிருந்தது, கழனியெல்லாம் கதிர். பொட்டல் என்று இருந்தது மந்தைவெளி ஒன்றுதான். முத்துவேல் எழுந்து, உலகமே நம் ஊரைப் பார்க்கப் போகும்போது நாம் நம்மையே பார்த்துக்கொண்டிருப்பது சுயநலம் என்று விளக்கினார். அவர் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது. மந்தைவெளியில் கோடு இருந்தால்தானே கோட்டோரம் ஒருத்தி காலை நீட்டி உட்கார்வாள்?

ஆனால் மோகன்குமாருக்கு அம்முலு தேவைப்பட்டாள். வளைகுடா அரங்கில் அதுவரை நடந்த ஆட்டங்களுக்கு இருக்கைகள் நிரம்பவில்லை. போனவர்களும் ஏ.சி.க் குளிரில் போர்த்திக்கொண்டு தூங்கினார்கள். சத்தத்துக்கு ஒரு கிராமம் வேண்டும், அந்தக் கிராமத்தின் சத்தம் அம்முலு என்று விசாரித்து வந்திருந்தார். 'மூத்த ரசிகை' பதவி, ஆரஞ்சு நிறச் சேலை, ஒரு சான்றிதழ் என்று அவர் அடுக்க, அம்முலு ஒன்றே ஒன்று கேட்டாள்.

"எம் பொண்ணுங்க அந்த மண்ணுல ஆடணும். அவ்ளோதான். இல்லன்னா என் வாயி தொறக்காது."

மோகன்குமார் போனில் யாரிடமோ ஆங்கிலத்தில் கெஞ்சினார். பிறகு, பெரிய ஆட்டத்தின் இடைவேளையில் 'மரபுக் காட்சி' என்ற தலைப்பில் பெண்கள் ஆடலாம், அம்முலு பயிற்சியில் தேறினால், என்றார்.

பயிற்சி சமுதாயக் கூடத்தில் நடந்தது. நடத்தியவர் ரசிகர் தரநிலை அலுவலர் தேவயானி. காலனியிலிருந்து வந்தவர்களை வரிசையாக உட்காரவைத்து, மகிழ்ச்சி மூன்று நிலைகள் என்று போர்டில் எழுதினார்.

"முதல் நிலையில் பல் தெரியலாம். இரண்டாம் நிலையில் கை உயரலாம். மூன்றாம் நிலையில் பக்கத்தில் இருப்பவரைக் கட்டிப்பிடிக்க வேண்டும்."

"என் பக்கத்துல பச்சமுத்து குந்தினு கீறாம்மா" என்றாள் அம்முலு.

"கட்டிப்பிடியுங்கள். கேமரா அதைத்தான் தேடும்."

"இவன் பொண்டாட்டி செல்லாயி பின்னாடி கீறா. அவ வந்து உன்னைக் கட்டிப் புடிப்பா. கழுத்தை."

கூடம் சிரித்தது. தேவயானிக்கும் மகிழ்ச்சி. "அருமை! இந்தக் கோபம் எவ்வளவு இயற்கையாக இருக்கிறது! அப்படியே வைத்திருங்கள், முறைப்படுத்திக்கொள்ளலாம்" என்று அம்முலுவின் கன்னத்தைத் தட்டினார்.

அம்முலு முந்தானையால் கன்னத்தைத் துடைத்துக்கொண்டாள். அவள் ஏசிச் சுருங்காத முகத்தை இதுவரை பார்த்ததில்லை. இந்தப் பெண்ணோ, ஏசினால் ருசி பார்க்கிறாள்.

அடுத்து ஏசலை முறைப்படுத்தினார்கள். அம்முலு ஒவ்வொன்றாகச் சொல்ல, தேவயானி கம்ப்யூட்டரில் ஏற்றித் தலைமையகத்துக்கு அனுப்பினார். ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தது. 'எருமை' கூடாது, கென்யாவில் அந்தப் பெயரில் ஓர் அணி இருக்கிறது. 'ஆமை' கூடாது, கடல்வாழ் உயிரினப் பாதுகாப்பு நிறுவனம் ஒரு விளம்பரதாரர். 'உங்கம்மா கஞ்சி ஊத்தலையா' என்பது அறவே கூடாது. 'எத்னோ கூழ்' என்று கேழ்வரகுக் கூழை டின்னில் அடைத்து விற்கும் கம்பெனிதான் போட்டியின் பிரதான விளம்பரதாரர், கஞ்சி அவர்களுடைய போட்டி நிறுவனத்தின் சரக்கு. உப்பு பற்றிய ஏசலைத் தலைமையகம் ஆட்சேபிக்கவில்லை. முத்துவேல் ஆட்சேபித்தார்.

எல்லாம் கழித்து, மூன்று நாட்டு வக்கீல்கள் பார்த்து, கடைசியில் ஒரே ஒரு ஏசல் அங்கீகரிக்கப்பட்டு வந்தது. தேவயானி அதை எழுந்து நின்று வாசித்தார்.

"அன்புள்ள வீரரே, நீங்கள் இன்னும் சிறப்பாகச் செய்யலாம்."

அம்முலுவின் புருஷன் எல்லப்பன் அவள் காதருகில் குனிந்தான். "இத்த எவனையாவது பாத்துச் சொன்னா, ஆளு செத்துட்டான்னுல்ல நினைப்பான்?"

"வாயை மூடுய்யா. பொண்ணு ஆடணும்" என்றாள் அம்முலு. பற்களை முதல் நிலைக்குக் கொண்டுவந்து, மைக்கின் முன் அந்த வாசகத்தைச் சொன்னாள். உச்சரிப்பு சரியில்லை என்றார்கள். மறுபடி சொன்னாள். குரலில் வியர்வை இருக்கிறது, தேன் இல்லை என்றார்கள். மறுபடி. அன்று இரவு சோறு இறங்கவில்லை. வாயில் ஏதோ வழவழவென்று ஒட்டிக்கொண்டிருப்பதாகப் புலம்பினாள்.

காணும் பொங்கலன்று மந்தைவெளி அடையாளம் தெரியவில்லை. மண்ணின் மேல் பச்சை பிளாஸ்டிக் புல் விரித்திருந்தார்கள். அப்புறம் மேலிடத்திலிருந்து போன் வந்தது: கிராமம் என்று சொல்கிறீர்கள், மண் எங்கே? ஆகவே புல்லின் மேல் போட மண் வந்தது. சலித்து, கழுவி, காய்ச்சி, பாக்கெட்டில் அடைத்து, 'நூறு சதவீத மண்' என்று அச்சடித்த மண். அதைக் காலனிக்காரர்களின் கைகால்களில் தேவயானி பஞ்சால் ஒற்றி ஒற்றிப் பூசினார்.

"காலையில கழனியிலேர்ந்து வந்தப்ப கைகாலைக் கழுவினு வான்னியேம்மா" என்றாள் செல்லாயி.

"அது சேறு. இது மண்."

முன்னால் வெள்ளை உறை போட்ட நாற்காலிகளில் விளம்பரதாரர்களும் முத்துவேலும் மேட்டுத்தெருப் பெரியவர்களும். பின்னால் கயிறு கட்டி, வைக்கோல் பரப்பி, 'மரபு மூலை' என்று பலகை வைத்த இடத்தில் காலனி. ஆளுக்கொரு டின் எத்னோ கூழ். குடிக்கக் கூடாது, பெயர் கேமராவுக்குத் தெரியும்படி பிடித்திருக்க வேண்டும். பொழுது விடிந்தால் கூழ் குடிக்கிற கைகள் சீல் பிரிக்காத கூழைப் பிடித்துக்கொண்டு வெயிலில் காய்ந்தன. அம்முலுவின் முகம் முழுக்க ஆரஞ்சு பெயின்ட். சேலைத் தலைப்பில் சின்ன மைக் ஒன்றைக் குத்தியிருந்தார்கள்.

பெரிய ஆட்டம் தொடங்கியது. திரையில் வளைகுடா அரங்கம். அந்த அரங்கத்தின் திரையில் புங்கந்தாங்கல். புங்கந்தாங்கல் மக்கள் புங்கந்தாங்கல் மக்களைப் பார்த்துக்கொண்டிருப்பதை, தூங்கி விழித்த வளைகுடா பார்த்தது. யாரோ யாரையோ பிடித்தார்கள். மகிழ்ச்சி இரண்டாம் நிலை என்று தேவயானி அட்டையைத் தூக்க, கைகள் உயர்ந்தன. ஒரு ரெய்டுக்கும் அடுத்த ரெய்டுக்கும் நடுவே விளம்பரம். விளம்பரத்துக்கு நடுவே சில சமயம் ரெய்டு.

"ஆட்டக்காரனைக் காட்டுங்கடான்னா சோப்பைக் காட்டிக்கினு கீறானுங்க. பேஜார் புடிச்சவனுங்க" என்று முனகினாள் அம்முலு. மைக் அதையும் கேட்டது. மோகன்குமார் தூரத்திலிருந்து கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார்.

இடைவேளை வந்தது. பெண்கள் பிளாஸ்டிக் புல்லில் இறங்கினார்கள். நிஷா இடுப்புத் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு ஒருமுறை அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். அம்முலு கயிற்றோரம் வந்து குந்தினாள். வாய்க்குள் பதினெட்டு வருஷத்துச் சரக்கு திமிறிக்கொண்டிருந்தது.

தேவயானி ஓடிவந்து விரலை உதட்டில் வைத்தார். "அம்மா, நீங்கள் கத்த வேண்டாம். மரபுக் காட்சி நேரலை. பதிவு செய்த குரலைத்தான் போடுவோம்."

நிஷா கோட்டைத் தாண்டினாள். "கபடி கபடி" என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு கீதாவை நோக்கிப் பாய்ந்தாள். நாலாபக்கத்து ஸ்பீக்கர்களிலிருந்தும் தேன் வழிந்தது.

"அன்புள்ள வீரரே, நீங்கள் இன்னும் சிறப்பாகச் செய்யலாம்."

நிஷா அப்படியே நின்றுவிட்டாள். அம்மாவின் குரல், ஆனால் அம்மா இல்லை. மூச்சு போய்விட்டது. விதிப்படி அவள் அவுட். கீதா பிடித்திருக்கலாம். ஆனால் அவளும் கையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றாள். பெண்கள் எல்லோரும் ஏதோ சாவுச் செய்தி கேட்டதுபோல ஒருவரையொருவர் பார்த்தார்கள். ஸ்பீக்கர் அதையே மறுபடி சொன்னது.

நிஷாவின் கண் கலங்கியது. "எம்மா!" என்று கத்தினாள். "நாங்க ஆடறமா இல்லியா? வாயத் தொறம்மா!"

அம்முலு தலைப்பிலிருந்த மைக்கைப் பிடுங்கினாள். கையிலிருந்த எத்னோ கூழ் டின்னை முதன்முறையாக உடைத்து, மைக்கை அதற்குள் முக்கினாள். கயிற்றைத் தாண்டிப் போய், பிளாஸ்டிக் புல்லின் ஓரத்தைப் பிடித்துப் பாயைச் சுருட்டுவதுபோல இழுத்தாள். எல்லப்பனும் பச்சமுத்துவும் மறுமுனைக்கு ஓடினார்கள். பாக்கெட் மண்ணோடு புல் சுருண்டு போக, அடியில் மந்தைவெளி தெரிந்தது. போன வருஷத்துச் சுண்ணாம்புக் கோடு இன்னும் மங்கலாக இருந்தது. அம்முலு அதன் ஓரத்தில் காலை நீட்டி உட்கார்ந்தாள்.

"அடியே நிஷா! ரெய்டு போடின்னா, பொண்ணு பாக்க வந்தவனுக்குக் காபி தட்டு எடுத்துக்கினு போற மாதிரி குனிஞ்சிக்கினு போற! தட்டை வெச்சிட்டு காலைத் தொடுடி! ஈரான்காரன் பாத்தான்னா செல்லை ஆஃப் பண்ணிட்டுப் படுத்துருவான்!"

மரபு மூலை காலியானது. ஜனம் டின்களை வைக்கோலில் போட்டுவிட்டுக் கோட்டைச் சுற்றி நின்றது. நிஷா புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். பாய்ந்தாள். மூன்று பேரின் அக்குளுக்கடியில் நழுவி வந்தாள்.

அதற்குள் திரையில் இரண்டாம் பாதி தொடங்கிவிட்டது. மோகன்குமார் கையைப் பிசைந்தார். முத்துவேல் வெள்ளை நாற்காலியிலிருந்து எழுந்து வந்து மகளை அதட்டினார். "கீதா! போதும், வெளியே வா. உலகமே பாத்துக்கினு கீது."

கீதா நகரவில்லை. "வரேன் நைனா. அம்முலுக்கா இன்னும் என்னை ஒண்ணும் சொல்லல. ஏசல் வாங்காம எப்படி வர்றது?"

முத்துவேல் அதட்ட உயர்த்திய கையை இறக்கிக்கொண்டார். அது ஊர்ச் சட்டம். அவரும் ஒரு காலத்தில் வெற்றிலை பாக்கு எடுத்துக்கொண்டு போனவர்தான்.

அம்முலு கீதாவை ஏற இறங்கப் பார்த்தாள். "மேட்டுத்தெரு மவராசி! மோட்டாரைப் போட்டுட்டு வரப்புமேல கொடை புடிச்சி நிக்கிற வம்சம், மண்ணுல கால் வெச்சதும் கூசுதா? உங்க நைனா உப்பு வாங்கப் போயி வருசமாச்சி, இன்னும் வூடு வந்து சேரல. நீ இன்னாடி, புளி வாங்கப் போறியா?"

ஊர் ஓவென்று சிரித்தது. கீதா முகம் மலர்ந்து குதித்தாள். முத்துவேல் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். துண்டுக்குள் தோள் குலுங்கியது. சிரித்தாரா என்று யாரும் கேட்கவில்லை. வெள்ளை நாற்காலிக்குத் திரும்பாமல், கோட்டோரம் எல்லப்பனுக்குப் பக்கத்திலேயே குந்திக்கொண்டார்.

யாரும் பார்க்காத திரையில் பெரிய ஆட்டம் தன் பாட்டுக்கு ஓடியது. ரசிகர்களின் முதுகு மட்டுமே தெரிந்ததால் போன வாரப் பயிற்சியில் எடுத்த படத்தைத் தலைமையகம் ஓட்டியது. மைக் கூழில் கிடந்ததால் பதிவு செய்த குரலையே ஆட்டம் முடியும்வரை உலகத்துக்கு ஒலிபரப்பியது. உலகம் உருகிவிட்டது. பரிசளிப்பில், உலகின் தலைசிறந்த ரசிகர் குரல் புங்கந்தாங்கல் என்று அறிவித்தார்கள். இந்த ஏசலை மெல்போர்ன் பள்ளிகளில் கற்றுத்தரப் போவதாகவும் சொன்னார்கள்.

பெண்கள் ஆட்டம் முடிந்து, தோற்ற கீதாவும் ஜெயித்த நிஷாவும் பச்சமுத்துவின் கடையில் ஒரே டீயைப் பங்கு போட்டுக் குடித்துக்கொண்டிருந்தபோது மோகன்குமார் கேமராவோடு வந்தார். கண்கள் பனித்திருந்தன. ஊர் வழக்கத்தை யாரோ அவருக்குச் சொல்லியிருந்தார்கள்.

"அம்மா, நீங்கள் ஏசினால்தான் ஆடினவர் என்று கணக்காமே? இந்த நிகழ்ச்சிக்காக நான் எவ்வளவு ஆடியிருக்கிறேன்! என்னையும் ஒரு வார்த்தை ஏசுங்கள். எவ்வளவு மோசமாக இருந்தாலும் பரவாயில்லை. மோசமாக இருந்தால் இன்னும் நல்லது."

அம்முலு அவரை உச்சியிலிருந்து ஷூவின் பிளாஸ்டிக் உறை வரை பார்த்தாள். சொல்வதற்கு அவ்வளவு இருந்தது. நாக்கு நுனிவரை வந்தது. அவர் அதற்காகக் கையேந்தி, நாக்கைச் சப்புக்கொட்டாத குறையாகக் காத்திருப்பதைப் பார்த்தாள். விழுங்கிவிட்டாள்.

பிறகு எழுந்து நின்று, இரண்டு கைகளையும் கூப்பி, பற்களை முதல் நிலைக்குக் கொண்டுவந்து சொன்னாள்.

"அன்புள்ள இயக்குநரே, நீங்கள் இன்னும் சிறப்பாகச் செய்யலாம்."

பச்சமுத்து கிளாஸைக் கீழே வைத்துவிட்டான். செல்லாயி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இளவட்டங்கள் தரையைப் பார்த்தார்கள். "ஐயோ பாவம்" என்று முத்துவேல் மெல்லச் சொன்னார். உப்பு என்ற பெயரை இத்தனை வருஷம் சுமந்தவருக்கு, தனக்கு எவ்வளவு பெரிய மரியாதை செய்யப்பட்டிருக்கிறது என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

மோகன்குமாருக்கு மட்டும் எதுவும் புரியவில்லை. "பிரமாதம்! பிரமாதம்!" என்று அம்முலுவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். எல்லோருக்கும் கும்பிடு போட்டுக்கொண்டே காரில் ஏறினார். பதில் கும்பிடு ஒன்றும் வரவில்லை. கார் ஏரிக்கரை ஏறி மறையும்வரை ஒருவரும் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

அம்முலு தெருக்குழாயடியில் குந்தினாள். முகத்து ஆரஞ்சு பெயின்ட் போக மண்ணெண்ணெய் தேய்க்கலாம் என்றாள் நிஷா.

"மூஞ்சி கெடக்கட்டும்டி" என்றாள் அம்முலு. "வாயி கொப்பளிக்க மொதல்ல தண்ணி குடு."

நிஷா சொம்பில் மொண்டு கொடுத்தாள். அம்முலு கொப்பளித்துத் துப்பினாள். மறுபடி கொப்பளித்துத் துப்பினாள். நாக்கை விரலால் வழித்துவிட்டு, வெறும் சொம்பை மகளிடம் நீட்டினாள்.

"இன்னும் போவலடி. ஊத்து."